தன் இனத்தையே தின்று வாழும் பனி ஏரி மீன்கள்

பாம்பு தன் குட்டியைத் தானே தின்னும் என்று நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். பூனையும் சில வேளைகளில் அப்படிச் செய்வதுண்டு. கேட்கும்போதே, "சே, இதுவும் ஒரு தாயா?" என்று முகம் சுளிக்கிறோம்.

உலகத்தின் வட கோடியில், வருஷத்தில் ஏறக்குறைய பத்து மாதம் பனிக்கட்டி மூடிக் கிடக்கும் ஏரிகள் உண்டு. அவற்றில் சில ஏரிகளில் ஒரே ஓர் இன மீன்தான் வாழ்கிறது. பெயருக்குக்கூட வேறு மீன் கிடையாது. அங்கே பெரியது சிறியதைத் தின்றுதான் மேலும் பெரியதாகிறது. தின்பதும் அதே இனம்; தின்னப்படுவதும் அதே இனம்.

கேட்கக் கொடுமையாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தக் கொடுமைக்குள்ளே ஓர் ஒழுங்கு இருக்கிறது என்றும், அந்த ஒழுங்கை மனிதன் குலைத்தால் ஏரியே நோஞ்சான் மீன்களால் நிறைந்துவிடக்கூடும் என்றும் விஞ்ஞானிகள் கண்டிருக்கிறார்கள். அதைப்பற்றித்தான் இங்கே சொல்லப் போகிறோம்.

ட்ரௌட்டும் சாரும்

குளிர்நாட்டு ஏரிகளிலும் ஓடைகளிலும் வாழும் மீன்களில் பேர் பெற்றவை ட்ரௌட், சார் என்ற இரண்டும் ஆகும். இரண்டும் சால்மன் மீனின் பங்காளிகள். 'சார்' என்றதும் பள்ளிக்கூடத்து வாத்தியாரை நினைத்துக்கொள்ள வேண்டாம். மீனின் பெயரே அதுதான்!

இரண்டையும் அடையாளம் காண ஒரு சுலபமான வழி உண்டு. ட்ரௌட்டின் உடலில் வெளிர் நிறத்தின்மேல் கருமையான புள்ளிகள் இருக்கும். சார் மீனின் உடல் கருமையாக இருக்க, அதன்மேல் வெளிர் புள்ளிகள் இருக்கும். இனப்பெருக்கக் காலம் வந்துவிட்டால் சார் மீனின் வயிறு செக்கச் செவேலென்று சிவந்துவிடும். பிரிட்டனின் வேல்ஸ் பகுதி மக்கள் இதற்கு வைத்திருக்கும் பெயரின் பொருளே 'செவ்வயிறு' என்பதாகும்.

ட்ரௌட் நம்மவர்களுக்கு முற்றிலும் புதிய மீன் அன்று. தேயிலைத் தோட்டங்களை நடத்திய வெள்ளைக்காரத் துரைமார் தங்கள் ஊர் ஓடையில் தூண்டில் போட்ட சுகத்தை மறக்க முடியாமல், இலங்கை நுவரெலியாவின் மலை ஓடைகளிலும், பிறகு நீலகிரியிலும் இந்த மீனைக் கொண்டுவந்து விட்டார்கள். நீலகிரி அவலாஞ்சியில் ட்ரௌட் குஞ்சு பொரிக்கும் பண்ணையும் ஏற்பட்டது. ஆனால் சார் மீனை அப்படி எளிதில் இடம் மாற்ற முடியாது. அதற்கு ட்ரௌட்டைவிட அதிகக் குளிர் வேண்டும். உலகத்திலேயே மிகவும் வடக்கே வாழும் நன்னீர் மீன் ஆர்க்டிக் சார் என்பதே ஆகும்.

பனிக்கட்டிக்கு அடியில் ஒரு வாழ்க்கை

கேமரன் மலையில் ஓர் இரவு தங்கினாலே நாம் கம்பளியைத் தேடுகிறோம். கனடா நாட்டின் வட கோடியில், எல்ஸ்மியர் தீவில் ஹேசன் என்று ஓர் ஏரி இருக்கிறது. அங்கிருந்து வட துருவம் ஏறக்குறைய 900 கிலோமீட்டர்தான். ஏரியின் நீளம் சுமார் 70 கிலோமீட்டர்; அதாவது கோலாலம்பூரிலிருந்து சிரம்பான் போகும் தூரம். ஆழம் 260 மீட்டருக்கும் மேல். குளிர்காலத்தில் அதன்மேல் ஓர் ஆள் உயரத்துக்குப் பனிக்கட்டி கட்டிவிடும். சில வருஷங்களில் கோடை வந்தும் அந்தக் கட்டி முழுவதும் உருகுவதில்லை. அந்த ஏரியில் வாழும் ஒரே மீன் ஆர்க்டிக் சார்.

அவ்வளவு குளிரில் மீனும் சேர்ந்து உறைந்துவிடாதா என்று கேட்கலாம். இங்கேதான் தண்ணீரின் விந்தையான குணம் கைகொடுக்கிறது. மற்றப் பொருள்கள் குளிரக் குளிரக் கனத்துக்கொண்டே போகும். தண்ணீரோ 4 டிகிரி செல்சியஸில்தான் அதிகக் கனமாக இருக்கிறது. அதற்கும் கீழே குளிர்ந்தால் லேசாகி மேலே வந்துவிடும். ஆகவே பனிக்கட்டி மேலே மிதக்க, அடியில் உறையாத தண்ணீர் தங்கிவிடுகிறது. குளிர்ந்த நீரில் பிராணவாயுவும் அதிகமாகக் கரைந்திருக்கும். மீனுக்கு மூச்சு முட்டுவதில்லை.

ஆனால் சாப்பாட்டுக்குத்தான் திண்டாட்டம். மாதக்கணக்கில் சூரியனே எழாத இருட்டு. பாசி வளர்வது குறைவு. பாசியைத் தின்னும் பூச்சி புழுக்களும் குறைவு. கொசு இனத்தைச் சேர்ந்த ஒருவகைப் பூச்சியின் புழுக்களும், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் நீரில் மிதக்கும் சிற்றுயிர்களுமே பெரும்பாலான சார் மீன்களின் ஆகாரம். அதையும் தேடித் தேடித்தான் தின்ன வேண்டும்.

மீன் குளிர் இரத்தப் பிராணி. சுற்றியுள்ள நீர் எவ்வளவு குளிரோ, அதன் உடம்பும் அவ்வளவு குளிர். குளிர்ந்த உடம்பில் எல்லாக் காரியமும் மெதுவாகத்தான் நடக்கும். செரிப்பது மெது, வளர்வது மெது, உடம்பு தேய்வதும் மெது. நம் ஆற்றில் ஓடும் மீன் ஒரு வருஷத்தில் அடையும் வளர்ச்சியை அடைய, பனி ஏரிச் சார் பல வருஷங்கள் எடுத்துக்கொள்ளும். வடக்கே சில ஏரிகளில் ஒரு சார் மீன் முட்டையிடும் பருவத்தை அடையவே பத்து வருஷம் ஆகிவிடும். பருவம் அடைந்த பிறகும் பெண் மீன் வருஷா வருஷம் முட்டையிடுவதில்லை. ஒரு முறை முட்டையிட்டால், இழந்த சத்தைத் திரும்பச் சேர்க்க அதற்கு இரண்டு மூன்று வருஷம் தேவைப்படும்.

இதற்கெல்லாம் ஈடாக இயற்கை அதற்குக் கொடுத்திருப்பது நீண்ட ஆயுள். ஆர்க்டிக் சார் மீன்களில் 30 வயதைக் கடந்தவை உண்டு. கனடாவின் பெரிய ஏரிகளில் 'லேக் ட்ரௌட்' என்று ஒரு மீன் இருக்கிறது. பெயர்தான் ட்ரௌட், உண்மையில் அதுவும் சார் இனமே. அதில் 60 வயதைத் தாண்டிய கிழடுகளும் பிடிபட்டிருக்கின்றன. பேரன் பேத்தி எடுத்த நம் வீட்டுத் தாத்தாவின் வயது, ஒரு மீனுக்கு!

வயதைச் சொல்லும் காதுக் கல்

மீனுக்கு யார் பிறப்புப் பத்திரம் எடுத்து வைத்தார்கள், வயதை எப்படிச் சொல்கிறார்கள் என்று நீங்கள் கேட்பது நியாயமே.

சந்தையில் கெலாமா மீன் வாங்கிச் சமைக்கும் தாய்மார்களுக்குத் தெரிந்திருக்கும். அதன் தலையை உடைத்தால் உள்ளே வெள்ளை வெளேரென்று இரண்டு கற்கள் இருக்கும். குழந்தைகள் அதை எடுத்து வைத்து விளையாடுவதும் உண்டு. அது மீனின் காதுக்குள் இருக்கும் கல். உடல் சாயாமல் நிலையாக நீந்தவும், ஒலியை உணரவும் அது உதவுகிறது. முள்ளுள்ள மீன்கள் அநேகமாக எல்லாவற்றுக்கும் இந்தக் கல் உண்டு. சார் மீனுக்கு அது மிகவும் சிறியது.

இந்தக் கல் மீனின் வாழ்நாள் முழுவதும் படலம் படலமாக வளர்ந்துகொண்டே வரும். கோடையில் நன்றாகத் தின்னும்போது அகலமான படலம். குளிரில் குறுகிய படலம். கல்லைக் குறுக்கே அறுத்து, மெருகேற்றி, உருப்பெருக்கிக் கண்ணாடியில் வைத்துப் பார்த்தால், குளிர்நாட்டு மரத்தின் வளையங்களைப்போல் வருஷத்துக்கு ஒரு வளையம் தெரியும். எண்ணினால் வயது வந்துவிடும்.

முற்காலத்தில் மீனின் செதிலைப் பார்த்துத்தான் வயது சொன்னார்கள். ஆனால் வயதான மீனின் உடல் வளர்ச்சி ஏறக்குறைய நின்றுபோனால் செதிலும் வளர்வதில்லை. ஆகையால் கிழ மீனையெல்லாம் வாலிப மீன் என்று எண்ணி ஏமாந்தார்கள். உடம்பு வளராவிட்டாலும் காதுக் கல் வளர்ந்துகொண்டே இருக்கும் என்பதால் அதன் கணக்கு பெரிதும் தப்புவதில்லை.

அந்தக் கணக்கைச் சரிபார்க்க விஞ்ஞானிகள் பிடித்த வழி இன்னும் ஆச்சரியமானது. 1950களிலும் 1960களின் தொடக்கத்திலும் வல்லரசுகள் ஆகாயத்தில் அணுகுண்டுகளை வெடித்துச் சோதனை செய்தன அல்லவா? அதனால் கதிர்வீச்சுள்ள ஒருவகைக் கரி அணு உலகத்துக் காற்றிலும் நீரிலும் திடீரென்று அதிகரித்தது. அது வட துருவப் பக்கத்து ஏரிகளில் வாழ்ந்த மீன்களின் காதுக் கல்லிலும் போய்ப் படிந்தது. எந்த வளையத்தில் அந்தக் கரி ஏறியிருக்கிறதோ, அது அந்தக் காலத்து வளையம் என்று துணிந்து சொல்லிவிடலாம். இப்படிச் சோதித்து, லேக் ட்ரௌட் 50 வருஷமாவது வாழக்கூடியது என்று 2008-ஆம் ஆண்டில் கனடா விஞ்ஞானிகள் உறுதி செய்தார்கள். உலகத்தை அழிக்கச் செய்த குண்டு, ஒரு மீனின் வயதைச் சொல்லவும் உதவியது!

சாண் நீளம் வந்துவிட்டால்...

இனி, நாம் முதலில் சொன்ன விஷயத்துக்கு வருவோம்.

கனடாவின் கார்ன்வாலிஸ் தீவில் 'சார் ஏரி' என்றே பெயர் கொண்ட ஒரு சின்ன ஏரி இருக்கிறது. சுமார் 130 ஏக்கர்தான்.  அதிலும் சார் மீனைத் தவிர வேறு மீன் இல்லை. இப்படிப்பட்ட ஏரிகளில் வலை போட்டால் ஒரு விநோதம் தெரியும். பிடிபடும் மீன்களில் மிகப் பெரும்பாலானவை ஒரே மாதிரி சிறியவையாக இருக்கும். அவற்றுக்கு நடுவே, எண்ணிக்கையில் மிகக் குறைவாக, சில பெரிய மீன்கள் இருக்கும். இடைப்பட்ட அளவில் இருப்பவை கொஞ்சமே.

இளையவை சிறியவை, மூத்தவை பெரியவை என்றுதான் யாரும் நினைப்போம். காதுக் கல்லைப் பார்த்தால் கதை வேறு. அந்தச் சிறிய மீன்களிலேயே பத்து, பதினைந்து வயதானவை கலந்திருக்கும். புழுவையும் சிற்றுயிரையும் தின்றே காலம் தள்ளி, ஓர் அளவோடு வளர்ச்சி நின்றுபோனவை அவை. பெரியவை அப்படியல்ல. அவற்றின் காதுக் கல்லில் முதலில் நெருக்கமான வளையங்கள் இருக்கும். பிறகு ஒரு கட்டத்தில் சட்டென்று வளையங்கள் அகன்றுவிடும். அதுதான், அந்த மீன் தன் இனத்தையே தின்னத் தொடங்கிய காலம்.

மீனுக்குப் பற்கள் இருந்தாலும் அது நம்மைப்போல் கடித்து மென்று தின்பதில்லை. முழுசாகத்தான் விழுங்க வேண்டும். ஆகவே வாய் எவ்வளவு பெரிதோ, இரையும் அவ்வளவுதான். தன் நீளத்தில் பாதிக்கும் குறைவான மீனைத்தான் பெரும்பாலும் ஒரு சார் விழுங்க முடியும். அதனால் ஒரு சாண் நீளத்தை எட்டும்வரை அதற்கு இந்தப் பழக்கம் வருவது அரிது. அந்த எல்லையைத் தாண்டும் அதிர்ஷ்டம் எல்லா மீனுக்கும் கிடைப்பதில்லை. குஞ்சுப் பருவத்தில் கொஞ்சம் முந்திக்கொண்டு வளர்ந்தவை, நல்ல கோடையில் பிறந்தவை ஆகிய சில மட்டுமே தாண்டுகின்றன. தாண்டியவைக்கோ அதற்குமேல் பஞ்சமில்லை. ஏரி முழுவதும் அதற்குச் சாப்பாடுதான்.

கெளுத்திக் குஞ்சு வாங்கிக் குட்டையிலோ தொட்டியிலோ வளர்த்தவர்களுக்கு இது புதிதல்ல. ஒரே நாளில் பொரித்த குஞ்சுகள்தாம். ஆனால் ஒன்றிரண்டு வேகமாக வளர்ந்துவிட்டால் மற்றவற்றை விழுங்க ஆரம்பித்துவிடும். அதனால்தான் அளவு பார்த்துப் பிரித்து வளர்க்கச் சொல்கிறார்கள். மலாய்க்காரர்கள் ஹாருவான் என்று சொல்லும் விரால் மீனின் குஞ்சுகளிடமும் இதே குணம் உண்டு. பனி ஏரியில் பிரித்து வைக்க ஆள் ஏது?

"பெற்ற பிள்ளையைத் தின்கிறதே!" என்று சாரைப் பழிக்கவும் முடியாது. இலையுதிர் காலத்தில் கூழாங்கற்களைக் கிளறி முட்டையிட்டுவிட்டுத் தாய் போய்விடும். பனிக்கட்டிக்கு அடியில் மாதக்கணக்கில் கிடந்து, வசந்தத்தில் முட்டை பொரியும். வெளியே வரும் குஞ்சு தன்னுடையதா பிறருடையதா என்று தாய்க்குத் தெரியாது. பசி மட்டும்தான் தெரியும்.

ஒரே ஏரியில் நான்கு குடும்பம்

எல்லா ஏரியிலும் கதை ஒரே மாதிரி முடிவதில்லை. ஐஸ்லாந்து நாட்டில் திங்வாட்லாவட்ன் என்று ஓர் ஏரி இருக்கிறது. அதன் கரையில்தான் கி.பி. 930-இல் அந்நாட்டு மக்கள் தங்கள் பொதுச் சபையைக் கூட்டினார்கள். அந்த இடத்தை 2004-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய இடமாக அறிவித்தது.

சுமார் பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன் பனிப்பாறைகள் உருகியபோது இந்த ஏரிக்குள் சார் மீன் வந்து சேர்ந்தது. இன்று அங்கே நான்கு வகைச் சார்கள் இருக்கின்றன. ஒன்று, பாறை இடுக்கில் நத்தை பொறுக்கும் குள்ளச் சார். இன்னொன்று, அதே நத்தையைத் தின்னும் பெரிய சார். மூன்றாவது, நடுநீரில் சிற்றுயிர்களை அரித்துத் தின்னும் சார். நான்காவது, மீன் தின்னும் சார். முதல் இரண்டும் தரையில் பொறுக்குவதற்கு வசதியாக, கீழ்த்தாடை உள்ளடங்கிய மொண்ணை மூக்கோடு இருக்கின்றன. மற்ற இரண்டும் கூரிய மூக்கோடு இருக்கின்றன. பார்த்தால் நான்கு வேறு மீன்கள் என்றே தோன்றும். நால்வரும் ஒரே இனம்.

ஒரு வீட்டுப் பிள்ளைகள் ஒருவர் தச்சு வேலைக்கும் ஒருவர் கடைக்கும் ஒருவர் தோட்டத்துக்கும் போவதுபோல, ஆளுக்கொரு தொழிலைப் பிடித்துக்கொண்டு பிழைக்கின்றன. பிழைக்க வழி பல இருக்கும் இடத்தில், அண்ணன் தம்பி ஒரே சட்டிக்கு அடித்துக்கொள்ள வேண்டியதில்லை. அங்கும் மீன் தின்னும் சாருக்கு முக்கிய இரை, முதுகில் முள்ளுள்ள வேறொரு சின்ன மீன்தான்.

'கொடியது' என்ற பெயர் பெற்ற ட்ரௌட்

ஸ்காட்லாந்து, அயர்லாந்து நாடுகளின் ஆழமான ஏரிகளில் 'ஃபெராக்ஸ்' என்று ஒரு ட்ரௌட் வாழ்கிறது. அந்த லத்தீன் சொல்லுக்குக் கொடியது என்று பொருள். சாதாரணப் பழுப்பு ட்ரௌட் சில ஆண்டுகள் வாழ்ந்து, ஓரளவு வளர்ந்து முடிந்துவிடும். அவற்றில் ஒருசில மட்டும் ஏரியின் ஆழத்துக்கு இறங்கி, அங்கே கூட்டமாக வாழும் சார் மீன்களைத் தின்னக் கற்றுக்கொள்கின்றன. உடனே அவற்றின் வளர்ச்சி எகிறிவிடுகிறது. ஆயுளும் நீள்கிறது, இருபது வயதைக் கடந்த ஃபெராக்ஸ்கள் பிடிபட்டுள்ளன. 2002-இல் ஸ்காட்லாந்தின் ஆவ் ஏரியில் தூண்டிலில் சிக்கிய ஒன்று 31 இராத்தல் 12 அவுன்சு எடை இருந்தது.

எடைக் கணக்கில் லேக் ட்ரௌட் இன்னும் ஒரு படி மேல். கனடாவின் கிரேட் பேர் ஏரியில் 1995-இல் தூண்டிலில் பிடிபட்டது 72 இராத்தல். அத்தபாஸ்கா ஏரியில் 1961-இல் வலையில் சிக்கியது 102 இராத்தல்! நம்மில் பலர் அந்த எடைகூட இருக்கமாட்டோம். அந்த 102 இராத்தல் மீனை அறுத்துப் பார்த்தபோது, அதன் இனப்பெருக்க உறுப்புகள் வளர்ச்சியடையவே இல்லை என்று தெரிந்தது. முட்டைக்கும் விந்துக்கும் போக வேண்டிய சத்தெல்லாம் உடம்பிலேயே தங்கிவிட்டது.

நார்வே ஏரியில் நடந்த அற்புதம்

நார்வே நாட்டின் வடக்கே தாக்வட்ன் என்று 15 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள ஏரி ஒன்று உண்டு. ஆதியில் அதில் இருந்தது ட்ரௌட் மட்டுமே. சுற்று வட்டாரத்து மக்கள் ஆசை தீரப் பிடித்தார்கள். ட்ரௌட் குறைந்தது. 'வேறு மீனையாவது விடுவோம்' என்று 1930-இல் பக்கத்து ஏரியிலிருந்து சார் மீனைக் கொண்டுவந்து விட்டார்கள்.

முதலில் நன்றாகத்தான் இருந்தது. பிறகு சார் பெருகியது. பெருகப் பெருக ஆகாரம் போதாமல் குள்ளமாகியது. 1980 வாக்கில் ஏரி முழுவதும் கையளவுச் சார். ட்ரௌட்டைக் காண்பதே அபூர்வம். அந்தச் சிறு மீனைப் பிடிக்கவும் யாருக்கும் மனம் வரவில்லை. பிடிக்காததால் மேலும் நெரிசல். ஏரி கெட்டுப்போயிற்று என்று கைவிட்டுவிட்டார்கள்.

அப்போது துரோம்சோ பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் ஒரு காரியம் செய்தார்கள். 1984 முதல் 1989 வரை ஆறு வருஷம் கூடுகளைப் போட்டுச் சார் மீன்களைப் பிடித்து அப்புறப்படுத்தினார்கள். மொத்தம் சுமார் 6,66,000 மீன்கள்; எடை 31 டன். சராசரி பார்த்தால் ஒரு மீன் 50 கிராம்கூட இல்லை. அவ்வளவு நோஞ்சான்!

இரையை அள்ளிக்கொண்டு போனால், மிச்சமிருக்கும் நாலைந்து ட்ரௌட்டும் பட்டினி கிடந்து செத்துவிடும் அல்லவா? அப்படித்தான் யாருக்கும் தோன்றும். நடந்ததோ நேர்மாறு. ட்ரௌட் பெருகியது! பெரிதாகவும் வளர்ந்தது. மிஞ்சிய சார்களும் கொழுத்து வளர்ந்தன.

காரணம் இதுதான். நெரிசலான ஏரியில் இருந்தவை பெரும்பாலும் வளர்ச்சி நின்ற கிழச் சார்கள். அவை ட்ரௌட்டின் வாய்க்குப் பெரியவை. ஆகாரம் போதாத அந்தக் கிழடுகள் குஞ்சுகளையும் அதிகம் உண்டாக்கவில்லை. ஆக, ஏரி நிறைய மீன் இருந்தும் ட்ரௌட் விழுங்கத் தக்க குட்டி மீன் இல்லை. நெரிசல் குறைந்ததும் மிஞ்சிய சார்களுக்கு வயிறார ஆகாரம் கிடைத்தது. அவை நிறையக் குஞ்சு பொரித்தன. குஞ்சுகள் ட்ரௌட்டுக்கு இரையாயின. ட்ரௌட் தின்றதால் ஏரியில் மறுபடியும் நெரிசல் ஏற்படவில்லை. மனிதன் ஆறு வருஷம் செய்த வேலையை, அதற்குப் பிறகு ட்ரௌட்டே எடுத்துச் செய்தது. இந்த ஆராய்ச்சி 2007-இல் வெளியிடப்பட்டபோது, மீன் பிடித்து அகற்றியதை நிறுத்திப் பதினெட்டு வருஷம் ஆகியிருந்தது. ஏரி பழைய சீர்கேட்டுக்குத் திரும்பவே இல்லை.

தோட்டத்தில் வேலை செய்யும் நமக்கு இந்தத் தத்துவத்தை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ரப்பர் கன்றை நெருக்கமாக நட்டு, பிறகு மெலிந்ததை வெட்டிக் கழிப்பார்கள். கழிக்காமல் விட்டால் எல்லா மரமும் ஒல்லியாகி, எதுவும் பால் தராது. கொல்லைப் புறத்தில் கீரைப் பாத்தி போடும் பெண்களும் இதை அறிவார்கள். பனி ஏரியில் இப்படிக் கழித்து விடும் வேலையைச் செய்வது பெரிய மீன். வேறு இனப் பெரிய மீன் இல்லாத ஏரியில், அந்த வேலையைத் தன் இனத்தையே தின்னும் பெரிய சார் செய்கிறது.

பெரிய மீனைப் பிடித்தால் என்ன ஆகும்?

ஆபத்து எங்கே இருக்கிறது என்று இப்போது விளங்கும். தூண்டில் போடுகிறவனுக்கும் வலை வீசுகிறவனுக்கும் வேண்டியது பெரிய மீன்தான். பனி ஏரியில் ஒரு பெரிய மீன் என்பது இருபது, முப்பது, ஐம்பது வருஷத்துச் சேமிப்பு. பிடிப்பதற்கு ஒரு நிமிஷம். அந்த இடத்துக்கு இன்னொன்று வளர ஒரு தலைமுறை. நாலு கோடையில் கிழ மீன்களையெல்லாம் பிடித்துவிட்டால், கழித்துவிட ஆளின்றி ஏரி நோஞ்சான் காடாகிவிடக்கூடும்.

அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் நடுவே இருக்கும் பேரேரிகளில் இதைவிடப் பெரிய நாசம் நடந்தது. கப்பல் போக வெட்டிய கால்வாய் வழியாகக் கடலிலிருந்து லாம்ப்ரே என்ற பிராணி உள்ளே நுழைந்தது. விலாங்கைப்போல் இருக்கும், மீனின் உடலில் வாயை ஒட்டிக்கொண்டு அட்டையைப்போல் இரத்தத்தை உறிஞ்சும். ஏற்கெனவே அளவுக்கு மீறிப் பிடிக்கப்பட்டிருந்த லேக் ட்ரௌட், 1940களிலும் 1950களிலும் அநேகமாக அழிந்தே போயிற்று. வேகமாகப் பெருகும் மீனாக இருந்தால் தாக்குப் பிடித்திருக்கலாம். பருவம் அடையவே ஆறேழு வருஷம் எடுக்கும் மீனால் முடியவில்லை. 1958 முதல் ஓடைகளில் லாம்ப்ரேக் குஞ்சுகளை மட்டும் கொல்லும் மருந்தைக் கலந்து, மீன் குஞ்சுகளையும் வளர்த்து விட்டு, பல பத்தாண்டுகள் பாடுபட்ட பிறகே சுப்பீரியர் ஏரியில் அந்த மீன் மறுபடியும் தானாகப் பெருகத் தொடங்கியது.

அதே லேக் ட்ரௌட் இருக்கக்கூடாத இடத்துக்குப் போனால் அதுவே வில்லனாகிவிடும். அமெரிக்காவின் எல்லோஸ்டோன் ஏரியில் 1994-இல் இது இருப்பதைக் கண்டார்கள். அந்த ஏரியின் சொந்த மீன் கழுத்தில் சிவப்புக் கோடுள்ள ஒரு ட்ரௌட். வந்தேறிய மீன் அதைத் தின்று தீர்த்தது. சொந்த ட்ரௌட் முட்டையிட ஓடைகளில் ஏறி வரும்போது கரடிகளும் பறவைகளும் அதைப் பிடித்துத் தின்று வாழ்ந்தன. லேக் ட்ரௌட்டோ ஆழத்திலேயே தங்கிவிடும், ஓடைக்கு வருவதில்லை. கரடியின் சாப்பாடும் போயிற்று. அதுமுதல் 40 லட்சத்துக்கும் மேற்பட்ட லேக் ட்ரௌட்களை அங்கிருந்து பிடித்து அகற்றியிருக்கிறார்கள். வேலை இன்னும் முடியவில்லை.

இவற்றோடு இப்போது உலகம் சூடேறும் கவலையும் சேர்ந்திருக்கிறது. ஹேசன் ஏரியில்கூடக் கோடையில் பனிக்கட்டி உருகுவது அதிகரித்துவிட்டது. இங்கிலாந்தின் விண்டர்மியர் ஏரியில் சார் மீன் பெரிதும் குறைந்துவிட்டது. ட்ரௌட்டுக்காவது கொஞ்சம் சூடு தாங்கும். சாருக்குத் தாங்காது. இன்னும் வடக்கே போகலாம் என்றால், ஏரியில் இருக்கும் மீன் எங்கே போகும்?

நாம் அறிய வேண்டியது

மனிதனுக்கு உள்ள தர்மத்தை மீனிடம் எதிர்பார்ப்பதும் தவறு. மீனின் வழக்கத்தை மனிதன் தனக்குச் சாக்காக எடுத்துக்கொள்வதும் தவறு. 'பெரிய மீன் சின்ன மீனைத் தின்பது உலக வழக்கம்' என்று சொல்லி எளியவனை ஏய்ப்பவர்கள் உண்டு. அவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். ஐஸ்லாந்து ஏரியில் அதே மீன் ஆளுக்கொரு தொழிலைக் கற்றுக்கொண்டு பக்கத்தில் பக்கத்தில் வாழ்கிறது. வழியில்லாத இடத்தில்தான் தின்பது ஒன்றே வழியாகிறது. மனிதனுக்கோ வழிகள் ஆயிரம்.

இன்னொன்றும் உண்டு. ஆற்றிலும் குட்டையிலும் மீன் பிடிக்கப் போகும் நம் பிள்ளைகளுக்குச் சொல்லி வைக்கலாம். பெரிய மீன் கிடைத்ததும் அதன் எடையைப் பார்த்து மகிழ்கிறோம். அதன் வயதையும் கொஞ்சம் நினைத்துப் பார்த்தால் நல்லது. பிடித்த மீன் தட்டில் ஒரு வேளைக்குத்தான். விட்டுவைத்த மீனோ, அது வாழும் நீருக்கே காவல்.